பேருக்குக் கீழே வர்ற வரி

மூணு பத்து ஆச்சு. நாலு மணிக்கு இந்த நீல பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான் வேலை. அமுக்கிட்டா நம்ம அருவிமலை பம்ப்ஸ்ல இருந்து யார் மெயில் போட்டாலும் அடியில ஒரே மாதிரி சிக்னேச்சர் போய் ஒட்டிக்கும். பேரு, பேருக்குக் கீழ டெசிக்னேஷன், அதுக்குக் கீழ போன் நம்பர், இடது பக்கம் லோகோ. அந்த லோகோவோட நீலமும் எல்லாருக்கும் ஒரே நீலம். நானூத்திப் பன்னெண்டு பேரு. ஒன்றரை வருஷமா இதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பர்ச்சேஸ்ல ஒருத்தர் ரோஜாப்பூ வெச்சிருந்தாரு, அதும் சும்மா இல்ல, ஆடிக்கிட்டே இருக்கற ரோஜாப்பூ. டெஸ்பாட்ச் செங்கோட்டையன் இருக்காரே, அவர் பழைய லோகோவ ரெண்டு பக்கமும் இழுத்து, லாரி ஏறின தகரம் மாதிரி ஆக்கி வெச்சிருந்தாரு. சர்வீஸ்காரங்க பூரா செகப்பு எழுத்து, பாத்தாலே திட்டற மாதிரி இருக்கும். 'ஓம் முருகா துணை'ன்னு ஏழு பேரு. எனக்கு முருகன் மேல என்ன கோவம், நானும் மருதமலைக்கு நடந்தே ஏறுறவதான், ஆனா துபாய்க்காரனுக்கு பம்ப்செட் விலை அனுப்பறப்ப அடியில எதுக்குங்க அது? கெஞ்சி, மெரட்டி, டீ வாங்கிக் குடுத்து, ஒவ்வொருத்தரையா வழிக்குக் கொண்டு வந்தேன். யாரும் கைவெச்சு மாத்த முடியாதபடி சர்வர்ல இருந்தே ஒட்ட வெச்சேன். இன்னிக்கு நான் சந்தோஷமா இருந்திருக்கணும். பன்னெண்டு அம்பது வரைக்கும் இருந்தேன்.

பன்னெண்டு அம்பதுக்கு ஹேமாகிட்ட இருந்து ஒரு மெயில். ஹேமலதா, எனக்கு எதுத்த கேபின். பதினோரு வருஷமா ஒரே டிபார்ட்மென்ட், ரெண்டு பேருமே அசிஸ்டன்ட் மேனேஜர், சாப்பாடு கூட ஒரே மேஜைல. 'சாப்ட வர்றியாடி? முருங்கைக்கா கொழம்பு. உனக்குன்னு ரெண்டு துண்டு ஜாஸ்தி.' அவ எழுதினது அவ்வளவுதான். அதுக்குக் கீழ, நான் அளந்து விட்ட எடத்தை விட்டு, நான் பொறுக்கின எழுத்துல, நான் பொறுக்கின நீலத்துல, ஹேமலதா கந்தசாமி. அதுக்குக் கீழ வரியில, பிராண்ட் ஹெட். எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது என்ன தெரியுமா, லோகோ ரெண்டு புள்ளி கீழ எறங்கியிருக்கோன்னுதான். அட கிறுக்கி. பதவியே பறிபோயிக் கெடக்கு, இவ ரெண்டு புள்ளிய அளக்கறா. பொறகு மறுபடியும் படிச்சேன். பிராண்ட் ஹெட். சோதனைக்குன்னு காலைல அஞ்சு பேருக்கு மட்டும் திறந்து விட்டிருந்தோம், அதுல ஹேமாவும் ஒருத்தி. சிஸ்டம்தான் தப்பா எடுத்திருக்கும்னு நெனச்சு கம்ப்யூட்டர் செக்ஷன் ரிஸ்வானைக் கூப்ட்டேன். தம்பி, டெசிக்னேஷன் தப்பா வருதுப்பா. அவன் சிரிச்சான். 'தப்பா வராதுக்கா. யாரும் சொந்தமா பதவி போட்டுக்கக் கூடாதுன்னு, நேரா ஹெச்.ஆர். லிஸ்ட்ல இருந்து எடுக்கற மாதிரி நீங்கதான வெக்கச் சொன்னீங்க?' ஆமா, நான்தான் சொன்னேன். ஸ்டோர்ஸ்ல ஒருத்தன் தனக்குத்தானே சீனியர்னு போட்டுக்கிட்டுத் திரிஞ்சான், அவனுக்காக வெச்ச ரூல். லிஸ்ட்ல யாரு பேருக்காவது சமீபத்துல மாத்தியிருக்கான்னு பாருப்பான்னேன். ஒரு பேருக்குத்தாங்க்கா, போன மாசம் பதினாலாந் தேதின்னான். சரிப்பான்னு வெச்சுட்டேன்.

மூணு பதினஞ்சு. ஏசி காத்து நேரா மண்டைல அடிக்குது, எந்திரிச்சு அதைத் திருப்பலாம், திருப்பத் தோணலை. அந்த சீட்டு எனக்குன்னு சொன்னது. நானா கேக்கலை. சின்னவர், எங்க எம்.டி., அவரே எங்கேபினுக்கு வந்து, இந்தக் கதவுல சாஞ்சு நின்னு, 'ஏனுங்க கோகிலா மேடம், ஏப்ரல்ல பிராண்டுக்குன்னு தனியா ஒரு ஹெட் போடறோம், அது உங்களைத் தவிர யாருங்க'ன்னு சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் யார்கிட்ட சொன்னேன்? வீட்டுக்காரர்கிட்ட கூட இல்ல, மொதல்ல ஹேமாகிட்ட. அவ கட்டிப் புடிச்சா. 'உனக்குத்தான்டி கெடைக்கணும், வேற எவளுக்குக் கெடைச்சாலும் நானே போய்ச் சண்டை போடுவேன்'னா. வேற எவளுக்கு! இப்ப நெனச்சா சிரிப்பு வருது, சிரிப்பா அது, நெஞ்சுக்குள்ள என்னமோ முள்ளு மாதிரி. அந்த நாப்பத்தாறு பக்கம், பிராண்ட் கையேடு, அதை எழுதினது நான். லோகோவச் சுத்தி எவ்வளவு எடம் விடணும், கருப்புத் துணில அடிச்சா எந்த வெள்ளை, பம்ப்புல ஒட்டற ஸ்டிக்கர் வெயில்ல எத்தனை மாசம் தாங்கும், அத்தனையும். போர்டு மீட்டிங்கில நான்தான் அதை விளக்கிச் சொல்லணும்னு இருந்தது. மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி காவ்யாவுக்கு டெங்கு. பிளேட்லெட் எறங்குது எறங்குதுன்னு டாக்டர் சொல்றாரு, நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எம்பொண்ணு கையைப் புடிச்சிட்டு இருக்கேன். ஹேமாகிட்ட இருந்து போன். 'நீ புள்ளையப் பாரு, இதை நான் பாத்துக்கறேன். உனக்காக நான் பேசமாட்டனா?' அழுதேன் நான். நெசமாவே அழுதேன், இப்படி ஒருத்தி கூட இருக்காளேன்னு. கடைசிப் பக்கத்துல சின்னதா 'தயாரிப்பு: கோகிலவாணி'ன்னு போட்டிருந்தேன். அதை எடுத்துரவான்னு கேட்டா, கம்பெனி டாக்குமென்ட்ல தனி ஆள் பேரு வரக்கூடாதுன்னு பன்னெண்டாவது பக்கத்துல நீதான எழுதியிருக்கன்னா. சரிதானேன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். என் ரூல், என் வாய். அவ எடுத்துட்டா.

எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லும், உனக்கு ஆள் பாக்கத் தெரியாது கோகிலா, பாத்திரம் பாத்து வாங்கத்தான் தெரியும்னு. கோவத்துல சொல்றதுன்னு விட்டுருவேன். பதினாலாந் தேதி என்ன கிழமை? காலண்டர்ல பாத்தாச்சு, நாலு தடவை பாத்தாச்சு. வியாழக்கிழமை. அன்னிக்கு சாயங்காலம் எம்பின்னாடி வண்டில ஏறின ஹேமா, நேரா வீட்டுக்கு வேண்டாம்டி, பேக்கரிக்குப் போலாம்னா. கணபதி ஏரியால அந்த முக்கு பேக்கரி. தேங்காய் பன்னு, வெஜிடபிள் பப்ஸ், ஆளுக்கு ரெண்டு டீ, பத்தாததுக்குக் காவ்யாவுக்குன்னு அரைக் கிலோ ஹனி கேக்கு வேற பார்சல். என்னடி விசேஷம்னு கேட்டேன். 'சும்மாதான். உன்கூட உக்காந்து எத்தனை நாளாச்சு'ன்னா. எனக்கே ட்ரீட் குடுத்திருக்கா! எதுக்குன்னு சொல்லாம, என் எடத்தை வாங்கினதுக்கு எனக்கே பன்னு வாங்கிக் குடுத்திருக்கா. நானும் வாயெல்லாம் தேங்காப்பூவ வெச்சுக்கிட்டு, ஏப்ரல் வரட்டும் ஹேமா, அப்ப நான் தர்றேன் பாரு ட்ரீட்டுன்னு பேசியிருக்கேன். அவ என்ன பண்ணினா அப்ப? டீயை ஊதிக் குடிச்சா. ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு, ஆறிப்போன டீயை ஊதினா. பாவி. அந்த கேக்கை காவ்யா ரெண்டு நாள் வெச்சுத் தின்னா, ஹேமா அத்தை ஹேமா அத்தைன்னு. வயிறு எரியுது எனக்கு. சீட்டு போனதுல கூட இல்ல. சீட்டு போனா போகுது, சின்னவர் நாலு எடத்துல நாலு விதமாப் பேசற ஆளு, அது ஊருக்கே தெரியும். அவர் மேல இந்த அளவுக்குக் கோவமே வரலை பாருங்க. ஒரு மாசம், கிட்டத்தட்ட ஒரு மாசம், தினம் மத்தியானம் எம்மொகத்துக்கு நேரா உக்காந்து சோறு பெசஞ்சிருக்காளே, அதான்.

இன்னிக்கும் பெசஞ்சா. அந்த மெயிலைப் பாத்துட்டு நான் போகாம இருந்திருக்கலாம். போனேன். கால் அதுபாட்டுக்குப் போச்சு. அடியில என்ன வந்ததுன்னு அவளுக்குத் தெரியாது, சர்வர் ஒட்டற சிக்னேச்சர் அனுப்பினவங்களுக்குத் தெரியாது, மெயில் வாசலைத் தாண்டின பொறகுதான் போய் ஒட்டும், வாங்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தொண்ணாவது பக்கத்துல அதும், பதவி ஹெச்.ஆர். லிஸ்ட்ல இருந்து வர்றதும், அத்தனையும் தெளிவா எழுதியிருக்கேன், படம் போட்டு. போர்டுல எந்திரிச்சு நின்னு அந்தப் பக்கத்தை விளக்கினவளே இவதான். படிச்சிருந்தாத்தான! வாசிச்சிருக்கா, படிக்கலை. படிச்சிருந்தா இன்னிக்கு இண்டர்காம்ல கூப்ட்டிருப்பா கொழம்புக்கு. கேன்டீன்ல மூடியத் தெறந்து எந்தட்டுல கரண்டி கரண்டியா ஊத்தறா. நான் கேட்டேன், என்ன ஹேமா, ஏதாச்சும் சேதி உண்டா? 'என்ன சேதி, அதே பழைய மாமியார் சேதிதான்.' சரி, இன்னொரு தடவை. ஏப்ரல் வருதே, சின்னவர் ஏதாவது வாயைத் தெறந்தாரா? அவ முருங்கைக்காயக் கடிச்சு இழுத்துக்கிட்டே, 'பொறுமையா இருடி, நல்லதே நடக்கும்'னா. நல்லதே நடக்கும்! எனக்கு வாயில வெச்ச சோறு எறங்கலை. தண்ணி குடிச்சு எறக்கினேன். ரெண்டு துண்டு ஜாஸ்தின்னாளே, நெசமாவே ரெண்டு துண்டு ஜாஸ்திதான் போட்டா. நான் அத்தனையும் தின்னேன். ருசியா வேற இருந்து தொலைச்சுது. அவ கைப்பக்குவம் அப்படி.

மூணு முப்பத்தாறு. இந்தத் திரைல வலது ஓரத்துல ஒரு கட்டம் இருக்கு, விலக்குப் பட்டியல்னு. யாரு பேரை அதுல போடறமோ அவங்க மெயிலுக்கு மட்டும் சிக்னேச்சர் ஒட்டாது. அது காலி. அதைக் காலியா வெச்சிருக்கறதுதான் என் பெருமையே. சின்னவருக்கே நான் விலக்கு குடுக்கலை. தன் மெயிலுக்குக் கீழ யானைப் படம் வேணும்னு ஒரு வாரம் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தாரு, நானூத்திப் பதினொண்ணு பேருக்கு ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயமாங்கன்னு கேட்டேன், சரிங்கம்மான்னு விட்டுட்டாரு. இப்ப அதுல ஒரு பேரைப் போட்டா, ஹேமலதா கந்தசாமின்னு அடிச்சா, திங்கக்கிழமை வரைக்கும் அவ ரகசியம் பத்திரம். திங்கக்கிழமை மாசக் கூட்டம், அங்கதான் சொல்லுவாங்க போல, மாலை போட்டு. போடலைன்னா நாலு மணிக்கு மேல அவ போடற மொத மெயில்லயே ஊருக்கே தெரிஞ்சுரும். தெரியட்டுமேன்னு ஒரு மனசு. நல்லாத் தெரியட்டும். ஆனா அவ மானம் மட்டுமா போகும்? என்னுதும்தான். கோகிலா மேடத்துக்குத்தான் அந்த சீட்டுன்னு செக்யூரிட்டி வரைக்கும் பேசிக்கிட்டது. நாலு அஞ்சுக்கு எல்லாரும் திரும்பி எங்கேபினைத்தான் பாப்பாங்க, அய்யோ பாவம்னு. அந்த அய்யோ பாவத்தை எப்படித் தாங்கறது? அதுக்கு அவ பேரைக் கட்டத்துல போட்டுட்டு நானும் தெரியாத மாதிரி இருந்துரலாம், திங்கக்கிழமை கை தட்டிட்டு வந்துரலாம், மறுபடியும் ஒரே மேஜைல உக்காந்து, மறுபடியும் மாமியார் சேதி. பதினோரு வருஷம்ங்க. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிட்டுப் போனது நான், அவ வீட்டுக்காரர் அன்னிக்கு ஓசூர்ல இருந்தாரு. கார் சீட்டெல்லாம் நனைஞ்சு போயி, அவ எங்கையைப் புடிச்ச புடில வளையல் ஒடைஞ்சு கீறி, இதோ மணிக்கட்டுல இன்னும் தழும்பு இருக்கு. ஹேமலதா வரைக்கும் அடிச்சேன். கந்தசாமி அடிக்கறதுக்குள்ள கை நின்னுக்கிச்சு. அழிச்சேன். மறுபடி அடிச்சேன். அவளே ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா போதுமே, கோகிலா, தப்பு நடந்து போச்சுடி, எனக்குச் சொல்ல பயமா இருந்ததுன்னு ஒரே வார்த்தை. நான் திட்டுவேன், ரெண்டு நாள் பேசமாட்டேன், மூணாம் நாள் தொலையுதுன்னு விட்டுருவேன். என்னை எனக்குத் தெரியாதா. நான் அப்படிப்பட்டவதான்.

மூணு நாப்பத்தெட்டுக்கு இண்டர்காம் அடிக்குது. அவதான். 'எல்லாம் ரெடியாடி? எனக்கே படபடன்னு இருக்கு. நாலு மணிக்கு மொத மெயில் நான்தான் போடுவேன், ஆமா சொல்லிட்டேன். எல்லாருக்கும் போடறேன், உன்னை வாழ்த்தி.' அவ பேரு கட்டத்துல பாதில நிக்குது, ஹேமலதா க. நான் மெதுவாச் சொன்னேன், ஹேமா, போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. உன் பேருக்குக் கீழ என்ன வரணும்னு ஒரு தடவை நீயே சொல்லிரு, நான் சரி பாத்துக்கறேன். அவ கேபின் கண்ணாடி வழியா அவ முதுகு தெரியுது, போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்தறா. சொல்லு ஹேமா, சொல்லித் தொலையேன், எம்மனசு கெஞ்சுது, உள்ளுக்குள்ள கையெடுத்துக் கும்பிடறேன். 'இதென்னடி கேள்வி? அசிஸ்டன்ட் மேனேஜர்தான். உனக்கு என்னவோ எனக்கும் அதான். அதுல என்னத்த சரி பாக்கறது'ன்னுட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு அத்துப்படி, வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்றப்ப இப்படித்தான் சிரிப்பா. சரி ஹேமான்னேன். வெச்சுட்டேன். 'ஹேமலதா க'ங்கறதை ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். கட்டம் காலி. ஏசியைத் திருப்பி வெச்சேன். அழுகை வரலை, அதிசயமா இருக்கு. மூணு அம்பத்தொம்பது வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். நாலுக்கு அமுக்கினேன்.

நாலு ரெண்டுக்கு வந்துருச்சு அவ மெயில். ஆல் ஸ்டாஃப். நம்ம கோகிலாவின் உழைப்பு, நம்ம கோகிலாவின் பொறுமை, இனிமேல் நாம எல்லாரும் ஒரே குடும்பம் ஒரே முகம், நாலு வரி உருகி உருகி. கீழ எடம் விட்டு, ஹேமலதா கந்தசாமி, பிராண்ட் ஹெட். லோகோ எறங்கலை, நேராத்தான் இருந்தது. பொறகு செங்கோட்டையன் எல்லாருக்கும் போற மாதிரி பதில் போட்டாரு, 'கங்கிராட்ஸ் பிராண்ட் ஹெட் மேடம், எப்பங்க ட்ரீட்டு?' அவர் அடியிலயும் அழகா ஒட்டிக்கிட்டது சிக்னேச்சர், நசுங்காத லோகோவோட. அடுத்தது பர்ச்சேஸ், அடுத்தது சர்வீஸ், மடமடன்னு வருது, எல்லாம் ஒரே எழுத்து ஒரே நீலம். நானும் ஒண்ணு போட்டேன், வாழ்த்துகள் ஹேமான்னு. அனுப்பினவங்களுக்குத் தெரியாதுதான, ஆனா ஆல் ஸ்டாஃப்ல நானும் இருக்கறதால எனக்கே திரும்பி வந்தது. கோகிலவாணி சண்முகம், அசிஸ்டன்ட் மேனேஜர். எல்லாம் சரியா இருந்தது, அளந்து வெச்ச மாதிரி. தலை நிமிந்து பாக்கறப்ப அவ கதவுல நிக்கறா, சின்னவர் சாஞ்சு நின்ன அதே கதவு. செருப்பு கூடப் போடலை, அவ கேபின்ல கழட்டிப் போட்டுட்டு உக்காருவா, அப்படியே ஓடி வந்திருக்கா. மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு.

'கோகிலா, உனக்கு எப்பத் தெரியும்?'

'சாப்டக் கூப்ட்டு மெயில் போட்டியே, அப்பவே.'

'தெரிஞ்சுமா வந்து எங்கூட உக்காந்து சாப்ட்ட? ஏன்டி?'

'நீயே சொல்லிருவன்னுதான்.'